கீதாவின் ஒன்பது டிஸ்குகள்

"ஏனுங் அம்மணி, முன்னால சீட்டு காலியாக் கெடக்குது. நின்னுட்டே வாரீங்க?"

அன்னூர் பேருந்தின் கண்டக்டர் சனிக்கிழமைதோறும் கேட்கும் கேள்வி அது. கீதா சனிக்கிழமைதோறும் சொல்லும் பதிலும் ஒன்றுதான்.

"அந்த சீட்டுக்கு மேல ஸ்பீக்கர் இருக்குதுங்க."

"பாட்டுப் புடிக்காதுங்களா?"

"எனக்குப் புடிக்குமுங்க. இதுக்குத்தான் ஆகாது." மார்போடு அணைத்திருந்த பிஸ்கட் டப்பாவைக் காட்டுவாள்.

"டப்பாவுக்குள்ள என்ன, கைக்கொழந்தையா வெச்சிருக்கீங்க?" என்று கண்டக்டர் சிரிப்பார். பேருந்தே திரும்பிப் பார்க்கும். கீதாவும் சிரிப்பாள். ஆனால் டப்பாவைச் சுற்றியிருக்கும் கை மட்டும் தளராது. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. டப்பாவுக்குள் ஒன்பது கம்ப்யூட்டர் டிஸ்குகள் இருக்கின்றன. காந்தம் பட்டால் டிஸ்கில் எழுதியதெல்லாம் அழிந்துவிடும் என்று அந்தக் கண்டக்டருக்கு எப்படி விளக்குவது? அந்த ஒன்பதில் ஒன்றுக்குள் தன் உயிரே இருக்கிறது என்பதை யாரிடம்தான் சொல்ல முடியும்?

கீதாவுக்கு அப்போது முப்பது வயது. அன்னூரை அடுத்த ஒரு சிற்றூரில், நாலு ஏக்கர் தோட்டமும் வற்றிப்போன கிணறும் உள்ள வீட்டில் பிறந்தவள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, அம்மா பழனாத்தாளும் அவளும்தான். டிப்ளமோ படித்து முடித்த கையோடு கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் காளிச்சாமியின் பட்டறை ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

காளிச்சாமி அப்போது ஒரு புதிய பொருளில் துணிந்து இறங்கியிருந்தார். சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிகளில் பாவு நூல் ஒன்று அறுந்தால், அதைக் கண்டுபிடித்து அந்தக் கணமே தறியை நிறுத்துகிற எலெக்ட்ரானிக் போர்டு. உள்ளங்கை அளவுள்ள பச்சைப் பலகை. அதன் மேல் எறும்பு வரிசை போல் ஓடும் செம்புக் கோடுகள். அந்தக் கோடுகள் எங்கே தொடங்கி, 'பின்' எனப்படும் எந்தக் கம்பிக்காலில் முடிய வேண்டும் என்று வரைவதுதான் கீதாவின் வேலை.

முதல் இரண்டு வருடம் கையால்தான் வரைந்தாள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை. அதன் மேல் ஒளி ஊடுருவும் பிலிம். மெல்லிய கறுப்பு நாடாவை பிளேடால் நறுக்கி நறுக்கி ஒட்ட வேண்டும். ஒரு கோட்டை மாற்ற வேண்டுமானால் பத்துக் கோட்டைப் பிய்க்க வேண்டும். கண் எரியும், கழுத்து இறுகும். தொண்ணூற்றொன்றில் காளிச்சாமி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்காக ஷெட்டின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஓர் அறை கட்டினார். அந்தக் கம்ப்யூட்டரோடு வந்து சேர்ந்தான் தனபால்.

மெலிந்த உருவம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். மின்சுற்றை வடிவமைப்பது அவன், கோடுகளை வரைவது அவள். இருவருக்கும் கம்ப்யூட்டர் வேண்டும், இருப்பதோ ஒன்று. அதனால் காலை எட்டிலிருந்து இரண்டு வரை அவள், இரண்டிலிருந்து இரவு வரை அவன் என்று முறை வைத்துக்கொண்டார்கள். நேருக்கு நேர் பார்ப்பது மதியம் ஒரு அரை மணி நேரம். டீ ஆறுவதற்குள் அதுவும் தீர்ந்துவிடும்.

செய்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டுமே? போர்டின் கோப்புகளோடு கோப்பாக, 'நோட்ஸ்' என்று ஒன்றைத் திறந்தான் தனபால். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினார்கள்.

"மூணாவது பின்னுக்குப் போற கோட்டைக் கொஞ்சம் நவுத்திப்போட்டனுங்க. கோவிச்சுக்காதீங்க."

"கோவமெல்லாம் இல்லீங்க. ஆனா நவுத்துனது கோணலா இருக்குதுங்க. நேராக்கிப்போட்டேன்."

"நான் வெச்சது கோணல்னு கண்டுபுடிச்ச மொத ஆளு நீங்கதானுங்க. எங்க அம்மா கூடச் சொன்னதில்லை."

இப்படித்தான் ஆரம்பித்தது. நாள் போகப் போக வேலைக் குறிப்பு இரண்டு வரியானால், மற்றது நாலு வரியானது. இன்றைக்கு மழை, நீங்கள் குடை எடுத்து வந்தீர்களா. மதியம் உங்கள் முகம் வாடியிருந்தது, அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா. காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் கீதா பையைக் கூட மாட்ட மாட்டாள். கம்ப்யூட்டரைப் போட்டு 'நோட்ஸ்' திறந்த பிறகுதான் அவளுக்கு விடியும்.

ஒரு தடவை கூட அதில் காதல் என்ற சொல் வந்ததில்லை. வந்திருந்தால் அவள் பயந்து போயிருப்பாள். வராததால் ஒவ்வொரு சொல்லும் அதுவாகவே தெரிந்தது.

காளிச்சாமியின் மனைவி தெய்வாத்தாள் ஒரு நாள் சாப்பாட்டுக் கேரியரோடு ஷெட்டுக்கு வந்தாள். வாய் நிறையப் பேசும், மனதில் கள்ளம் இல்லாத மனுஷி. மதியம் அந்த அரை மணி நேரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங் கண்ணு, நீங்க என்ன கூட்டமுங்க?"

கொங்கு நாட்டில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். கீதா சொன்னாள்: "ஆந்தை கூட்டமுங்கக்கா."

"அட சாமி! நம்ம தனபாலும் ஆந்தை கூட்டந்தானே! அப்ப அண்ணந் தங்கச்சி ஆச்சு. ஏப்பா தனபாலு, ஒரு தங்கச்சியப் பக்கத்துல வெச்சுக்கிட்டு இத்தன நாளு தெரியாம இருந்திருக்கறயே!" என்று கைதட்டிச் சிரித்தாள்.

ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் பங்காளிகள். ஆணும் பெண்ணும் என்றால் உடன்பிறப்புகள். சொத்து வித்தியாசத்தைத் தாண்டலாம், படிப்பு வித்தியாசத்தைத் தாண்டலாம். இதை யாரும் தாண்டுவதில்லை. தாண்ட வேண்டும் என்று நினைக்கவே மனம் கூசும்.

தனபால் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனான். கீதா சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை 'நோட்ஸ்' திறந்தபோது தேதி மட்டும் இருந்தது. அதற்கடுத்த நாள் ஒரு வரி: "பத்தாவது பின்னுக்கு நேர் வழி இல்லீங்க. எவ்வளவோ பாத்துட்டேன்." அது போர்டைப் பற்றியதுதான். பத்தாவது பின்னுக்கு உண்மையிலேயே வழி இல்லை. ஆனாலும் கீதா கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு ஆட்கள் முன்னால் அவள் அவனை 'அண்ணா' என்று கூப்பிட்டாள். 'நோட்ஸ்'க்குள் அந்தச் சொல்லை எழுதியதே இல்லை. அவனும் தங்கச்சி என்று எழுதவில்லை.

தொண்ணூற்று நாலில் தனபாலுக்குச் சென்னிமலைப் பக்கம் பெண் பார்த்துக் கல்யாணம் ஆனது. கீதா மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, இரண்டாவது முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அடுத்த வருடம் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் எழுதியதுதான் 'நோட்ஸ்'ல் கடைசி.

"எல்லாத்தையும் ரெண்டு காப்பி போட்டு வெச்சுக்குங்க கீதா. ஒண்ணு இங்க, ஒண்ணு உங்க ஊட்டுல. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருக்க வேண்டாம். கம்ப்யூட்டரை நம்பாதீங்க. பத்திரமா இருங்க."

டிஸ்குகளைத்தான் பத்திரமாக இருக்கச் சொன்னானா, அவளையா? அந்த ஒரு வரியை அவள் ஆயிரம் தடவை படித்திருப்பாள்.

அன்றிலிருந்து கீதாவின் வாழ்க்கை டிஸ்குகளைச் சுற்றியே நடந்தது. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் எல்லாக் கோப்புகளையும் இரண்டு தொகுதியாக எடுப்பாள். ஒன்பது டிஸ்க் ஷெட்டின் அலமாரிக்கு; ஒன்பது டிஸ்க் பிஸ்கட் டப்பாவுக்கு. டப்பா வீட்டு பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே இருக்கும். ஈரம் ஏறாமலிருக்க, மருந்துப் புட்டிகளில் வருமே, அந்தச் சின்னச் சின்ன உப்புப் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டிருப்பாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பழைய டிஸ்குகளை உடைத்துப் போட்டுவிட்டுப் புது டிஸ்குகளில் எழுதுவாள். இத்தனைக்கும் 'நோட்ஸ்' முதல் டிஸ்கின் ஓர் ஓரத்தில் அடங்கிவிடும்.

அதை அச்செடுத்து வைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றாமலில்லை. ஷெட்டின் பிரிண்டர் ஊரைக் கூட்டிக்கொண்டு அச்சடிக்கும். அதோடு, காகிதம் என்றால் யார் கையிலும் சிக்கும். டிஸ்க், அவள் கேட்டால்தான் வாய் திறக்கும்.

"அந்தக் கருப்புத் தகட்டுக்குக் குடுக்கற மரியாதையில பாதி பாக்க வார மாப்பிள்ளைக்குக் குடுக்கலாமல்ல கண்ணு?" என்று பழனாத்தாள் புலம்புவாள். "அன்னூர்ச் சந்தைக்குப் போனா ஆளாளுக்கு என்னயத்தான் கேக்கறாங்க."

"தோஷ ஜாதகமுன்னு சொல்லிப்போடும்மா."

"உன்ற ஜாதகத்துல ஒரு தோஷமும் இல்ல. உன்ற மனசுலதான் என்னமோ இருக்குது."

அம்மாக்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. தெரியாத மாதிரி இருக்கவும் அவர்களுக்குத்தான் தெரியும்.

தொண்ணூற்றேழாம் வருடத்து ஆயுத பூஜை வந்தது. அந்த வருடம் ஷெட்டுக்குப் புதிதாக ஒரு கிரைண்டிங் மெஷின் வாங்கியிருந்தார்கள். இரும்புப் பாகங்களை மழமழவென்று மட்டமாக்கும் மெஷின். அதன் படுக்கை ஒரு பெரிய காந்தம். பக்கத்தில் இருக்கும் லீவரைத் தூக்கினால் மேலே வைத்த இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும், இறக்கினால் விட்டுவிடும். அதை ஓட்டுகிற ராசப்பனுக்கு அதன் மேல் தாய்ப்பாசம்.

"புது மிஷினுக்கு மொத பூஜை. சாமிய அதும் மேலயே வெச்சரலாம்" என்றாள் தெய்வாத்தாள்.

"அத விட மட்டமான எடம் இந்தக் கோயமுத்தூர்லயே இல்லீங்கக்கா. ஒரு குண்டுமணி வெச்சாக்கூட உருளாது" என்றான் ராசப்பன் பெருமையாக.

கொங்கு நாட்டு ஷெட்டுகளில் அந்த ஒரு நாள், தொழில் செய்கிற கருவி எதுவும் விடுபடக் கூடாது. ஸ்பேனர், சுத்தியல், அளவு கோல், கணக்கு நோட்டு எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் ஒரு ராத்திரி இருக்க வேண்டும். மறுநாள் பூஜை முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். முந்தைய இரண்டு வருடமும் அலமாரியில் இருந்த ஒன்பது டிஸ்குகளை மட்டும் கீதா பூஜையில் வைத்தாள். வீட்டு டப்பா வீட்டிலேயே இருந்தது.

அந்த வருடம் மட்டும் ஏன் அப்படிச் செய்தாள்? பூஜைக்கு முந்தின வாரம் காளிச்சாமி பேச்சோடு பேச்சாக, "நம்ம தனபாலுக்குப் பொண்ணு பொறந்திருக்குதாம், கனிஷ்கான்னு பேரு வெச்சிருக்கானாம்" என்றார். "சந்தோசமுங்க சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் டப்பாவைத் திறந்து முதல் டிஸ்கை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று தெரிந்தது. இருந்தாலும் அந்த எழுத்து ஒரு ராத்திரியாவது சாமி முன்னால் இருக்கட்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஷெட்டு டிஸ்கிலும் அதே எழுத்துத்தான் இருக்கிறது. ஆனால் அது கம்பெனியுடையது. இது அவளுடையது.

பூஜையன்று டப்பாவையும் எடுத்து வந்தாள். இரண்டு தொகுதியும் இரண்டு வருடத்தில் முதன்முறையாக ஒரே கூரைக்குக் கீழே ராத்திரி தங்கப் போயின.

கிரைண்டிங் மெஷின் மேல் சிவப்புத் துணி விரித்திருந்தது. கீதா முதலில் லீவரைத்தான் பார்த்தாள். இறங்கியிருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"ராசப்பண்ணா, காந்தம் போடலீங்களே?"

"மிஷினே ஆப்ல இருக்குதுங்க அம்மணி. கரண்டே இல்ல, காந்தம் எங்கிருந்து வரும்?"

டப்பாவோடு வைக்கப் போனவளைத் தெய்வாத்தாள் தடுத்தாள். "டப்பாவுக்குள்ள இருந்தா சாமிக்கு எப்பிடிக் கண்ணு தெரியும்?" என்று பதினெட்டு டிஸ்குகளையும் எடுத்து இரண்டு வரிசையாகத் துணி மேல் பரப்பினாள். ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். சந்தன ஈரம் உள்ளே இறங்கிவிடுமோ என்று கீதா ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். பிறகு வாசலில் பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள், போனாள்.

அவள் போன பிறகுதான், மெஷின் மேல் சாமியாக நிறுத்தியிருந்த, சென்னிமலையிலிருந்து வாங்கி வந்த வேல் சாய்ந்தது. இரும்புத் தண்டில் செருகிய வேல். நிமிர்த்தி வைத்தாலும் மறுபடி சாய்ந்தது. ராசப்பன் யோசித்தான். லீவரைத் தூக்கினான். அந்த மெஷினின் காந்தத்துக்குக் கரண்டே தேவையில்லை. லீவர் ஒன்று போதும். வேல் அப்படியே நெட்டுக்குத்தாக நின்றது.

"அட, முருகன் எப்பிடி நிக்கறாரு பாருங்க!" என்று எல்லோரும் கும்பிட்டார்கள். உள்ளே வந்த கீதாவும், நிமிர்ந்து நிற்கும் வேலைப் பார்த்துக் கண் மூடிக் கும்பிட்டாள்.

மறுநாள் விஜயதசமி. பூஜை முடிந்து, எல்லாக் கருவியையும் ஒரு முறை தொட்டு வேலை செய்து பார்க்க வேண்டும் என்பது வழக்கம். கம்ப்யூட்டரோடு இருந்த ஸ்டெபிலைசரைத் துடைப்பதற்காகக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை நேரே சுவரில் செருகிவிட்டார் காளிச்சாமி. ஊரிலிருக்கும் மில்லெல்லாம் லீவு. இழுக்க ஆளில்லாமல் கரண்டின் வோல்டேஜ் தறிகெட்டு ஏறியிருந்தது. சுவிட்சைப் போட்டதும் பட்டென்று ஒரு சத்தம். கருகல் வாசம். அவ்வளவுதான்.

காளிச்சாமி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சு! ஆறு வருச வேல! சோமனூர்க்காரங்களுக்கு அடுத்த மாசம் போர்டு குடுக்கோணும்!"

"பயப்படாதீங்க சார்" என்றாள் கீதா. குரலில் ஒரு நிமிர்வு கூட இருந்தது. "ஒண்ணுக்கு ரெண்டா காப்பி இருக்குது."

தெருக்கோடியில் கம்ப்யூட்டர் வைத்திருந்த டைப்பிங் சென்டருக்குப் பதினெட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் டிஸ்கைச் செருகினாள். கரகரவென்று ஓடியது. படிக்க முடியவில்லை என்று வந்தது. மறுபடி செருகினாள். அதே. இரண்டாவது, மூன்றாவது. ஒன்பது முடிந்தது. வீட்டு டிஸ்குகளை எடுத்தாள். முதல் டிஸ்க். அவளுடைய முதல் டிஸ்க்.

காலி. எழுதாத சிலேட்டை விடக் காலி.

"பூஜையில வெச்சதால இருக்குமோ?" என்றாள் தெய்வாத்தாள் பயந்துபோய்.

ஷெட்டுக்கு ஓடினார்கள். மெஷின் மேல் துணி இன்னும் விரித்தபடி இருந்தது. கீதா தலையிலிருந்த ஹேர்பின்னைக் கழற்றி அதன் மேல் போட்டாள். துணியோடு சேர்த்து ஒட்டிக்கொண்டது.

ராசப்பன் முகம் வெளுத்தது. "வேலு சாஞ்சுதுங்க அம்மணி... சாமி சாயறாரேன்னு லீவரத் தூக்குனனுங்க. கரண்டு இல்லாமப் புடிக்கும்னு தெரியுமுங்க... உங்க தட்டு அதுல அழியும்னு தெரியாதுங்க. நாந்தானுங்க. நான் பாவி."

"வாய மூடுங்க ராசப்பண்ணா. நீங்க ஒண்ணும் பண்ணல" என்றாள் கீதா. உண்மையில் யார் செய்தது என்று அவளுக்குத் தெரியும். ராசப்பன் ஒரு தொகுதியைத்தான் அழித்தான். இன்னொன்றை வீட்டு பீரோவிலிருந்து எடுத்து வந்து அந்தக் காந்தத்தின் மடியில் வைத்தவள் அவள்தான்.

ஒரு வாரம் காளிச்சாமி பித்துப் பிடித்தவர் போல் திரிந்தார். பிறகு ஒரு நாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து தனபாலுக்குப் பேசிவிட்டு வந்தார். முகத்தில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"கெளம்பும்போது என்னயக் கேக்காம எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்துட்டுப் போயிருக்கான், திருட்டுப் பய! ரெண்டு வருசத்துக்கு முந்தினது அப்பிடியே இருக்குதாம். திருட்டுப் பயலா, தெய்வமா? ஒரு நாலஞ்சு வாரத்துல யாரோ ஊருக்கு வாரவங்க கையில குடுத்தனுப்பறானாம்!"

கீதாவின் காதில் ஒரு சொல்தான் விழுந்தது. எல்லாத்தையும்! அப்படியென்றால் 'நோட்ஸ்'ஐயும்தானே? அந்த ஐந்து வாரமும் அவள் சாப்பிட்டாளா தூங்கினாளா என்பது பழனாத்தாளுக்குத்தான் தெரியும். கருகிய கம்ப்யூட்டருக்குப் பதில் புதிது வந்தது. செய்து வைத்திருந்த போர்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, கடந்த இரண்டு வருடத்தில் தான் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழுதி வைத்தாள். கை வேலை செய்தது. மனம் விமான நிலையத்தில் நின்றது.

கார்த்திகையில் டிஸ்குகள் வந்தன. ஒன்பது. ஒவ்வொன்றின் மேலும் அவன் கையெழுத்தில் எண்.

ஒன்றைச் செருகினாள். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக ஓடின. போர்டு இருந்தது. சுற்று இருந்தது. உதிரிகளின் பட்டியல் இருந்தது. 'நோட்ஸ்' இல்லை. இரண்டாவதில் பார்த்தாள். ஒன்பதாவது வரை பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

வேலைக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டான். குடும்பம், குழந்தை என்று இருக்கிறவன் வேறு என்ன செய்வான்? தன்னையே பைத்தியக்காரி என்று திட்டிக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சரியா இருக்குதுங்க சார்" என்று சொன்னாள். காளிச்சாமி அன்று ஷெட்டு முழுவதற்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஷெட்டுப் போன் அடித்தது. காளிச்சாமி எடுத்து, சத்தம் போட்டுச் சிரித்துப் பேசிவிட்டு ரிசீவரை நீட்டினார். "இந்தா அம்மணி, உன்ற அண்ணன். டிஸ்க்கப் பத்தி உங்கிட்டயே கேக்கோணுமாம்."

பக்கத்தில் காளிச்சாமி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டீ டம்ளரோடு ராசப்பன். கீதா ரிசீவரைக் காதில் வைத்தாள்.

"கீதாங்களா?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். கடல் தாண்டி வந்ததால் கொஞ்சம் இளைத்திருந்தது.

"ஆமாங்க."

"டிஸ்க்கெல்லாம் தெறந்துச்சுங்களா?"

"ஒம்பதும் தெறந்துச்சுங்க. ஒவ்வொண்ணாப் பாத்துட்டனுங்க."

"ஒண்ணும் விட்டுப் போகலீங்களே?"

இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். இத்தனை வருடம் அடக்கி வைத்தது, அவளைக் கேட்காமலே வெளியே வந்தது.

"ஒரு பைல் இல்லீங்க."

"எதுங்க?"

"நோட்ஸ்."

ரிசீவருக்குள் எங்கோ தூரத்தில் ஒரு குழந்தை சிணுங்குவது கேட்டது.

"என்ன பைலு அது? முக்கியமானதா? அனுப்பச் சொல்லு, அனுப்பச் சொல்லு!" என்றார் காளிச்சாமி.

"அது எங்கிட்ட இருக்குதுங்க கீதா" என்றான் தனபால். "மத்ததெல்லாம் காப்பி போட்டனுங்க. அத மட்டும் போடல. இன்னொருத்தர் பையில வெச்சுக் குடுத்தனுப்ப... மனசு வரலீங்க."

கேட்க ஆயிரம் இருந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். வேலைக்கார மனுஷி கேட்கிற கேள்வியாக ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு அகப்பட்டது.

"அது... நல்லாத் தெறக்குதுங்களா?"

"தெறக்குதுங்க. போன வாரங்கூடத் தெறந்துச்சு."

கீதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் நிறைந்து, எதிரே இருந்த சுவரே கலங்கியது.

"அனுப்பட்டுங்களா?" என்றான் அவன், மெதுவாக.

அனுப்பினால் வரும். ஐந்து வாரத்தில் அவள் கையில் இருக்கும். பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம். தினம் தினம் திறக்கலாம். அவனிடம் இருந்தால், அவன் திறப்பான். ஒரு நிமிடம்தான் யோசித்தாள். அந்த ஒரு நிமிடத்துக்குள் அவளுடைய முப்பது வயதும் அடங்கியிருந்தது.

"வேண்டாமுங்க" என்றாள். "அங்கயே இருக்கட்டுங்க."

"சேரிங்க" என்றான் அவன். வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. குழந்தையின் அழுகை பெரிதானது. பிறகு இணைப்பு போனது.

"ஏன் வேண்டாங்கற? என்ன இருந்துச்சு அதுல?" என்று கேட்டார் காளிச்சாமி.

"எந்தக் கோட்டை எதுக்கு நவுத்துனோமுன்னு எழுதி வெச்சதுங்க சார். போர்டுக்கு அது வேண்டாமுங்க."

"அப்ப சேரி" என்று அவர் சோமனூர்க்காரருக்குப் போன் போடப் போனார். ராசப்பன் தடுப்பைத் தட்டி, "டீ ஆறுதுங்க அம்மணி" என்றான். ஆயுத பூஜைக்குப் பிறகு அவன் அவளிடம் அதிகம் பேசுவதில்லை. டீயை மட்டும் நேரம் தவறாமல் கொண்டு வந்தான்.

கீதா முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் இரண்டு வருடத்துக்கு முந்தைய போர்டு விரிந்தது. எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்து முதல் மாற்றத்தைப் படித்தாள். அவன் நிறுத்தியிருந்த இடத்திலிருந்து வரையத் தொடங்கினாள்.